மூஞ்சி வாய்க்காத தந்திக்காரன்

தந்தி கொடுக்கிற வேலைக்குச் சைக்கிளும் காக்கி உடுப்பும் சர்க்கார் கொடுக்கும். மூஞ்சியை மட்டும் நாமே கொண்டுவர வேண்டும். எனக்கு வாய்த்தது எந்நேரமும் ஒரே மாதிரி இருக்கிற மூஞ்சி. போதாததற்கு, எதிரே நிற்கிறவர் அழப்போகிறாரா சிரிக்கப்போகிறாரா என்று எனக்குத் தெரியாது. எனக்குள்ளே என்ன நடக்கிறது என்பதும் தெரியாது. இதற்கு ஆட்டிசம் என்று ஒரு பேர் இருப்பதை, பேரனைக் காட்டப்போன இடத்தில் ஒரு டாக்டர் போன வருஷம்தான் சொன்னார். அவனுக்குக் கேட்கப் போய் எனக்கும் சேர்த்து வாங்கிவந்தேன். என்னைப் போல மூஞ்சியால் ஏச்சு வாங்கினவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது.

ஆந்திரா தனி ராஜ்யமான புதிதில், கார்வேட்டிநகரத்திலிருந்து வந்து திருப்பதி தந்தி ஆபீசில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. பாதி வீடுகளில் இங்கிலீஷ் படிக்க ஆள் கிடையாது என்பதால், தந்தியில் இருப்பதைத் தந்தி மாஸ்டர் எங்களிடம் சொல்லி அனுப்புவார். ஜனங்களிடமிருந்து புகார் வராவிட்டால் வேலை நிரந்தரமாகும், வந்தால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றார். ஊரில் என் அண்ணன் வேர்க்கடலைக் கொல்லையில் எனக்காக மண்வெட்டியோடு காத்திருந்தான். நான் ஒரு மாசம்கூடத் தாங்கமாட்டேன் என்று அவன் சந்தையில் நாலு பேர் முன்னால் சொன்னதை நான் மறக்கவில்லை.

பேரன் பிறந்த எழவு

திருச்சானூரில் ஒரு வெல்ல மண்டிக்காரருக்கு, மெட்ராசில் பேரன் பிறந்த தந்தி. வாசலில் நின்று "தந்தி" என்றேன். மனிதர் என் மூஞ்சியைப் பார்த்தார். அவ்வளவுதான், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து பெண்கள் ஓடிவந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். ஒருவர் அழும்போது குறுக்கே பேசக்கூடாது என்று எனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் ஓரமாக நின்று, முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பக்கத்து வீட்டார் வந்து, எடுப்பது எப்போது என்றுகூடக் கேட்டுவிட்டார்கள்.

மூச்சு வாங்க அவர்கள் நிறுத்தினபோது, ஆம்பிளைப் பிள்ளை, தாயும் பிள்ளையும் சௌக்கியம் என்று சொன்னேன். மண்டிக்காரர் எழுந்து துண்டை உதறினார். "பேரன் பொறந்தத சொல்றதுக்கு எழவு மூஞ்சிய எதுக்குடா மாட்டிக்கினு வந்தே?"

சிரிக்கச் சொன்னார்கள்

மறுநாளே புகார் வந்தது. என்னோடு வேலை பார்த்த முனிரத்தினம் எனக்குப் புத்தி சொன்னான். அவன் மூஞ்சி தெருவில் திரும்பும்போதே சேதி சொல்லிவிடும். கல்யாணச் சேதிக்கு ஒரு மூஞ்சி, சாவுக்கு ஒரு மூஞ்சி. சும்மா சிரிச்சுக்கினு போ, எல்லாம் சரியாயிடும் என்றான். நானும் முடிவெட்டும் கடைக் கண்ணாடி முன் நின்று, பல் எவ்வளவு தெரிய வேண்டும் என்று பழகிக்கொண்டேன். எதற்குச் சிரிக்க வேண்டும், எதற்குக் கூடாது என்று அவன் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை என்பது என் கட்சி.

அடுத்த தந்தி ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு. நகரியில் அவருடைய மாமனார் காலமாகிவிட்டார். பழகின சிரிப்போடு போய்ச் சொன்னேன். வாத்தியாரின் சம்சாரம் உள்ளே அழுதபடியே புகார் எழுதக் காகிதம் தேடினாள். வாத்தியார் என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, காதோடு சொன்னார்: "செத்தது என் மாமனாரு. எனக்கே இவ்ளோ சந்தோஷம் இல்லியேப்பா, உனக்கு இன்னா?"

எல்லையும் இட்லியும்

எந்த ஊர் மெட்ராசுக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று எல்லைப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் தமிழ்க்காரர்கள் ஒரு பெஞ்சு, தெலுங்குக்காரர்கள் ஒரு பெஞ்சு. சத்தியவேட்டில் நிலம் வைத்திருந்த ஒரு ரைஸ்மில்காரருக்குத் தந்தியோடு உள்ளே போனேன். எல்லை முடிவாகிவிட்டது என்று நினைத்து இரண்டு பெஞ்சும் என் மூஞ்சியைப் படிக்க ஆரம்பித்தன. பையன் வாடியிருக்கிறான், சத்தியவேடு போச்சு என்றார்கள் தமிழ்க்காரர்கள். இல்லை, சந்தோஷத்தை அடக்குகிறான், திருத்தணி போச்சு என்றார்கள் தெலுங்குக்காரர்கள். தந்தி, தவிடு ஏற்றின லாரி ரேணிகுண்டாவில் பழுதாகி நிற்கிறது என்பது.

அப்படியும் விடவில்லை. எந்தப் பக்கம் போனால் உனக்குச் சந்தோஷம், மனசில் இருப்பதைச் சொல் என்று பிடித்துக்கொண்டார்கள். நானும் உண்மையாகவே உள்ளே தேடிப் பார்த்தேன். பசிதான் இருந்தது. அதையே சொன்னேன். இரண்டு பெஞ்சும் அன்றைக்குத்தான் சேர்ந்து சிரித்தன. ஓட்டல்காரர் இரண்டு பாஷையையும் கலந்து பேசுகிறவர், பசியைத் தெலுங்கில் ஆக்கலி என்பார். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "ஊரே எல்லைக்கு அடிச்சிக்கினு கீது, இவனுக்கு ஆக்கலி அண்ட. ரெண்டு இட்லி வெய்யிப்பா."

வயிற்றுக் கோளாறு

ஒருநாள் தந்தி எனக்கே வந்தது. புத்தூரில் தாய்வீட்டில் இருந்த என் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. மாஸ்டர் படித்துச் சொன்னதும் சரி என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். கொஞ்ச தூரத்தில் கை சில்லிட்டது, நெஞ்சு படபடத்தது, வயிற்றில் ஏதோ புரண்டது. காலையில் தின்ன பழைய வடைதான் காரணம் என்று, நேரே ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் போய் வயிற்றுக்கு மருந்து கேட்டேன்.

அவர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். காலையிலிருந்து என்னென்ன நடந்தது என்று வரிசையாகக் கேட்டார். வடையையும் சொன்னேன், குழந்தையையும் சொன்னேன். எடுத்த சீசாவை மறுபடி அலமாரியிலேயே வைத்துவிட்டார். "யோவ், இதும் பேரு சந்தோஷம். இதுக்கு மிக்சர் கெடையாது, பஸ்ஸப் புடி."

தெருக்கோடி

சித்தூரிலிருந்து ஒரு நாள் இன்ஸ்பெக்டர் வந்தார், என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்ய. இரண்டு புகாரும் மேஜைமேல் இருந்தன. முனிரத்தினம் கேட்காமலே வந்து, ஜனங்கள் இவனைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுத்தான். அண்ணனின் மண்வெட்டி என் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த நேரம் ஒரு ஐயங்கார் அம்மாள் உள்ளே வந்தாள். அவள் வீட்டுக்காரர் கோயில் மடைப்பள்ளியில் வேலை. பிள்ளை மார்ச்சளி முற்றி வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அங்கிருந்து அடிக்கடி தந்தி வரும். நானும் கொடுத்திருக்கிறேன், முனிரத்தினமும் கொடுத்திருக்கிறான்.

மூன்றாவது புகார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். முனிரத்தினம் நாற்காலியே போட்டான். அம்மாள் உட்காரவில்லை. இனிமேல் தன் வீட்டுக்கு என்னைத்தான் அனுப்ப வேண்டும் என்றாள். ஏன் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, முனிரத்தினத்தைக் காட்டிச் சொன்னாள்: "இவர் வந்தா, தெருக்கோடியிலயே மூஞ்சியப் பார்த்து எனக்குப் பாதி உசுரு போயிடறது. அவர் வந்தா ஒண்ணும் தெரியறதில்லை. காகிதத்தைப் பிரிக்கற வரைக்கும் என் பிள்ளை நன்னா இருக்கான்."

நான் நிரந்தரமானேன், அந்தப் பிள்ளை பிழைத்து பஸ்சில் வந்து இறங்கினான். அம்மாள் பேசினபோது எனக்குள் புரண்டது என்ன என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை, ஆனால் முனிரத்தினத்தின் மேல் எனக்கு இருப்பது கோபம்தான் என்பதை எந்தக் கம்பவுண்டரும் சொல்லித்தர வேண்டியதில்லை.