எண்பத்தொன்பதுக்கு அஞ்சிய டீச்சரம்மா

தென்காசி பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருந்த தாளை எழுத்துக் கூட்டி வாசித்தேன். முதுமையில் படிக்கக் கற்றவன் நான்; சுவரில் எதைக் கண்டாலும் விடமாட்டேன். பெரிய எழுத்தில் இருந்த பெயரை முதலில் கூட்டினேன். ஞானம்மாள் என்று வந்தது. தெரிந்த பெயர் என்று மகிழ்ந்தேன். பிறகுதான் அதற்கு மேலே இருந்த ‘கண்ணீர் அஞ்சலி’யை வாசித்தேன். பெயரை மறுபடியும் கூட்டிப் பார்த்தேன்.

இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். நான் படித்தவன் அல்லன். அறுபதுகளில் அவரைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்ற குதிரை வண்டிக்காரன். வண்டியில் சிலேட்டை மடியில் வைத்து, ஒரே எண்ணை வகுத்துக்கொண்டு வருவார். ஒன்றைப் பதின்மூன்று தடவை இரட்டித்து, ஒன்று கழித்தால் வரும் 8191.

“இத்தனை கொள்ளுப் பயறை எத்தனை குதிரைக்குச் சமமா வச்சாலும் மிஞ்சும்னு நினைக்கேன், மாடசாமி.”

“எங் குதிரை ஒண்ணே தின்னுட்டா?”

சிரித்துவிட்டார். ஒரே குதிரை எல்லாவற்றையும் தின்னலாம்; அல்லது தலைக்கொரு கொள்ளுமணியாக அத்தனை குதிரைகள் தின்னலாம்; வேறு வழி இருக்கக் கூடாது என்றார்.

அவருக்கு ஒரு பயம் இருந்தது. பதினோரு தடவை இரட்டித்து ஒன்று கழித்த 2047 எதாலும் வகுபடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார். மறுநாளே ஒரு மாணவி 23ஐ 89ஆல் பெருக்கிக் காட்டிவிட்டாள். 8191க்குத் திங்கட்கிழமை பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். தொண்ணூறு வரை உள்ள எண்களால் வகுத்துப் பார்த்தால் போதுமாம். “பெரிய திருடன் தனியா வரமாட்டான், கீழ ஒரு சின்னவன் நிப்பான்” என்பார்; பெரிய எண் ஒன்று வகுத்தால், அதோடு பெருக்க ஒரு சின்ன எண்ணும் இருந்தே ஆகுமாம். எல்லாம் பார்த்தாயிற்று. அந்த 89ஐ மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை மற்ற டீச்சர்களோடு என் வண்டியில் குற்றாலம் வந்தார். அவர்கள் குளிக்கப் போனதும், ஆற்றின் நடுவே காய்ந்த பாறையில் உட்கார்ந்து சாக்பீஸால் எழுதத் தொடங்கினார். திடீரென்று அருவியின் சத்தம் கனத்தது. மலையில் பெய்த மழையின் செம்மண் கலந்து தண்ணீர் சிவந்தது; வெள்ளம் வருகிறது. எல்லோரும் கரையேறி ஓடினார்கள். கரையில் குதிரை கயிற்றை இழுத்தது. நான் முழங்கால் நீரில் இறங்கினேன்.

“டீச்சரம்மா, தண்ணி செவந்துட்டு. எந்திரிங்க.”

“ஒரு கழித்தல்தான் இருக்கு. நில்லும்.”

பாறையைச் சுற்றி நீர் ஏறியது. அவர் கையைத் தொட எனக்குத் துணிவில்லை. துண்டின் நுனியை நீட்டினேன். இடக்கையால் அதைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் எழுதினார். பிறகுதான் இறங்கினார். நாங்கள் கரையைத் தொட்டுத் திரும்பியபோது பாறையைக் காணவில்லை.

அவர் உடம்பு உதறியது. பயந்துட்டீங்களாம்மா என்று கேட்டேன்.

“தண்ணிக்கா? எண்பத்தொம்பதுக்கு வேய். மூணு மிஞ்சிட்டு.”

அந்தச் சிவந்த தண்ணீர் இன்றும் என் கனவில் வருகிறது. பாறையில் அவர் எழுதியதை அது கொண்டுபோய்விட்டது. நேற்று நானே சிலேட்டில் 8191 எழுதி 89ஆல் வகுத்தேன். வெகு நேரம் ஆனது. கடைசிக் கழித்தலையும் எழுதினேன். தப்பாக வந்துவிடுமோ என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தேன்.

மூன்று. டீச்சரம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது. சிலேட்டை அழிக்கவில்லை.