வடக்குச் சுவரில் ஒரு புலி

சின்ன லாட்ஜ்களின் அறைகளைக் காடாகவும் கடலாகவும் மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு; இதில் உள்ள ஒரே தொல்லை, யாரை மனதில் வைத்து வரைகிறோமோ அவர்கள் வரமாட்டார்கள், வருகிறவர்கள் படம் பார்க்க வந்தவர்களாக இருக்கமாட்டார்கள். என்னைப் போலவே இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால் தலையை ஆட்டுவீர்கள் என்று தெரியும்.

தாமோதரன் அண்ணனின் லாட்ஜ் தல்லாகுளத்தில், ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் இருக்கிறது. சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரர். சேலைக் கடையை மகனிடம் விட்டுவிட்டு லாட்ஜ் கட்டினார். கேரளாவில் குகை மாதிரி ஒரு ரூமில் தங்கிவிட்டு வந்தவர், அந்தச் சூடு ஆறுவதற்குள் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, கோயிலுக்கு வர்ற டூரிஸ்ட்டு எல்லாம் நம்ம ரூம்ல நின்னு செல்பி எடுக்கணும்" என்றார். அப்படியே வரைந்து கொடுத்தேன். கோயிலுக்கு வந்தவர்கள் கோயில் பக்கமே தங்கிக்கொண்டார்கள். எங்களிடம் வந்தவர்கள் ஒரு கையில் ஸ்கேன் கவரும் மறு கையில் பிளாஸ்குமாக வந்தார்கள். என் ஆபீஸ் அடுத்த தெரு என்பதால், அவர்கள் சொன்ன குறையெல்லாம் சூடாகவே என் காதுக்கு வந்து சேர்ந்தது.

கடல் ரூம்

நான் ரொம்ப ரசித்துச் செய்தது கடல் ரூம். நாலு சுவரும் நீலம், விட்டத்தில் ஒரு திமிங்கிலம், கப்பலில் இருப்பது போல வட்ட ஜன்னல். குழாயைத் திறந்தால் மீன் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். அந்த மீன் வாய்க்காக ஒரு வாரம் அலைந்திருக்கிறேன்.

அதில் முதலில் வந்து தங்கியவர் ராமநாதபுரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மகனோடு. சிறுநீரகம் கெட்டுப்போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வந்தவர். ரூம் பிடித்திருக்கிறதா என்று கேட்கத்தான் நான் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே சுவரை ஒரு சுற்றுப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். அவர் கெஞ்சுவது போலத்தான் சொன்னார். "ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளருக்கு மேல தண்ணி ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு தாயி. நீங்க ரூம் பூராம் தண்ணியாக் காட்டுறீகளே."

மீண்டும் வருக

லாட்ஜ் வாசலில் ஒரு மரக்கிளி வைத்திருந்தேன். வெளியே போகிறவர்களுக்குத் தெரியும்படி, அலகில் ஒரு பலகை: 'நன்றி, மீண்டும் வருக'. எல்லாக் கடை வாசலிலும் இருப்பதுதானே என்று அண்ணனும் நினைத்தார், நானும் நினைத்தேன். ஆனால் ரூமைக் காலி செய்கிறவர்கள் எல்லாரும் ஜெனரேட்டர் பக்கம் இருக்கிற சின்னக் கேட் வழியாகவே போனார்கள். அந்த வழியில் தேங்கிய தண்ணீரைத் தாண்டித்தான் போகவேண்டும். அப்படியும் போனார்கள்.

நம் ஊரில் யாரும் 'போறேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை, 'வாரேன்' என்றுதான் சொல்லுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போதும் துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போதும் மட்டும் அந்த வார்த்தையை வாயில் எடுக்கமாட்டார்கள். எங்கள் லாட்ஜும் ஆஸ்பத்திரியைச் சேர்ந்ததுதான் என்று வந்தவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. எங்கள் இருவருக்கும் மட்டும் உறைக்கவில்லை. கடல் ரூம் பெரியவர் மட்டும்தான் முன்வாசல் வழியாகவே போனார். கிளிக்கு நேராக நின்று பலகையை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு மகனிடம் சொன்னார்: "வாரத்துக்கு ரெண்டு தடவை வந்துக்கிட்டுத்தேன இருக்கேன், இதுல இந்தக் கிளி வேற கூப்பிடுதாக்கும்."

அன்றைக்கே பலகையைக் கழற்றினோம்.

தலைமாடு

காடு ரூமில் ஒரு சுவர் முழுக்கப் புலி முகம். அதன் அடியில், சுவரோடு சேர்த்து அடித்த கட்டில். புலியின் நிழலில் படுத்துத் தூங்குவது போல இருக்கட்டும் என்பது என் எண்ணம். அந்தச் சுவர் வடக்குச் சுவர் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. நானும் மதுரைக்காரிதான், என் வீட்டில் யாராவது வடக்கே தலைவைத்துப் படுத்தால் எழுப்பி விடுகிறவள்தான். வரைபடத்தில் அழகைப் பார்த்தவள் திசையைப் பார்க்கவில்லை.

செல்வி அந்த ரூமுக்கு வந்தவள். கொட்டாம்பட்டி பக்கம் கடலை போடுகிற குடும்பம். அவள் கணவர் சுந்தரத்துக்கு இதயத்தில் ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யூ.வில் வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டார் என்றும் டாக்டர்கள் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் அவளுக்கு இந்த ரூம்தான்.

தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டுத் தெற்கே தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். அதனால் கண் விழித்ததும் நேர் எதிரே புலி. பயமாக இருந்தால் ரூம் மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "புலி கிடக்குதும்மா, அதை நான் பாத்துக்கிருவேன். ஒரு உசுரு உள்ள ஊசலாடிக்கிட்டு இருக்கையில என்னைய வடக்க தலைவச்சுப் படுக்கச் சொல்லலாமா?"

வெள்ளை

குறைகள் சேர்ந்துபோய், தாமோதரன் அண்ணன் ஒரு நாள் முடிவெடுத்துவிட்டார். "கோவிச்சுக்காதம்மா. எல்லா ரூமுக்கும் வெள்ளை அடிச்சிருவோம்." கோபமில்லை, அழுகைதான் வந்தது. பெயிண்டர் கடல் ரூமை முடித்தார். திமிங்கிலம் ரெண்டாவது கோட்டில்தான் மறைந்தது. அடுத்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு காடு ரூமுக்குப் போனார்.

செல்வி கதவில் குறுக்கே கையை வைத்து நின்றாள். சத்தம் கேட்டு அண்ணனும் நானும் மாடிக்கு ஓடினோம். அப்போதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள். ஆபரேஷனுக்கு அப்புறம் சுந்தரத்தால் அதிகம் பேச முடியாது. பிள்ளைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் அவருக்குக் கண் கலங்கிவிடும், வெள்ளாமையைப் பற்றிச் சொன்னால் கவலைப்படுவார். வேறு எதைச் சொல்வது என்று தெரியாமல் ஒரு நாள் ரூமில் இருக்கிற புலியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். காலையில் எழுந்ததும் அது முறைத்தது, இவள் திட்டினாள், அது பதில் சொன்னது என்று கைச்சரக்கும் சேர்த்து. அதிலிருந்து, அவள் உள்ளே நுழைந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு என்ன சொன்னான்?" ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கே வந்து அந்தப் புலியைப் பார்த்த பிறகுதான் ஊருக்குப் போவேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் அவளிடம் இதமாகத்தான் பேசினார். வெள்ளை அடித்தால் வெளிச்சமாக இருக்கும், மனசுக்கு நிம்மதியாக இருக்கும் என்றார். அவள் கையை எடுக்கவில்லை. "நோயாளியப் பாக்க ஆரஞ்சும் ஆப்பிளுமாக் கொண்டு போவாக. அவருக்கு வாய் வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னுட்டாக. நான் இந்தப் புலியத்தேன் ரெண்டு வேளையும் கொண்டுபோய்க் குடுக்குறேன். இதையும் அடிச்சிட்டீகன்னா நான் வெறுங்கையோடயாண்ணே போவேன்?"

பெயிண்டர் டப்பாவை மூடிவிட்டுக் கீழே இறங்கினார்.

ரூம் காலி

அதற்கப்புறம் கொஞ்ச நாள் நல்ல சேதியாகவே வந்தது. கஞ்சி குடித்தார், எழுந்து உட்கார்ந்தார் என்றாள். புலிக்குப் பேர் வைத்துவிட்டார் என்றாள். என்ன பேர் என்று மட்டும் சொல்ல மறுத்துவிட்டாள். நானும் தச்சரைக் கூட்டிவந்து கட்டிலைப் பெயர்த்துத் திருப்பிப் போட்டேன். சுந்தரம் வந்தால் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று புலிக்கு எதிரே ஒரு நாற்காலியும் போட்டு வைத்தேன்.

ஒரு காலையில் செல்வியின் கூடப்பிறந்த அண்ணன் முதலில் சாவியை வாங்க வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே தாமோதரன் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். பின்னாலேயே செல்வி வந்தாள். மேலே போய் டம்ளரையும் போர்வையையும் பைக்குள் வைத்தாள். நான் ரூம் வாசல்படியில் நின்றேன். நாற்காலியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு, தினமும் திட்டுகிற அதே குரலில், ஆனால் திட்டாமல், புலியைப் பார்த்துச் சொன்னாள்: "இனிமே உன்னையப் பத்திக் கேக்க ஆளில்லடா."

படியிறங்கிப் போகும்போது அவள் 'வாரேன்' என்று சொல்லவில்லை, நாங்களும் 'வாங்க' என்று சொல்லவில்லை. இப்போது அந்த லாட்ஜில் எல்லா அறையும் வெள்ளை, வாசல் கிளியின் அலகு காலி, காடு ரூமில் மட்டும் ஒரு புலியும் அதற்கு எதிரே ஒரு நாற்காலியும் இருக்கின்றன, வருகிற நோயாளி வீட்டுக்காரர்கள், உள்ளே போய்ச் சொல்ல ஒரு சேதி கிடைக்குமே என்று, அந்த ரூம் காலியாக இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள், தாமோதரன் அண்ணனும் அது என்னுடைய டிசைன்தான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.