ஏழாவது கட்டில்

கேட்டை உள்ளிருந்து சாத்திவிட்டு வீட்டை நோக்கி நான்கு எட்டு நடப்பார் லெஸ்டர். நின்று, திரும்பிப் போய், தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பார். மறுபடி நடப்பார். பத்தாவது எட்டில் மறுபடி சந்தேகம் வந்துவிடும். எதிர்வீட்டு ஜன்னலில் தேநீர்க் கோப்பையோடு நின்று முப்பது வருஷமாக இதைப் பார்த்தவன் நான். "உள்ள என்ன மச்சான், தங்கமா கொட்டிக் கெடக்கு?" என்று கேட்டால், "உன்ன மாதிரி ஆளு நுழைஞ்சிடக் கூடாதேன்னுதான்" என்பார். எனக்கு அத்தை மகன். நாங்கள் மரியாதையாகப் பேசிக்கொண்டால்தான் ஊர் பயப்படும்.

வயது அறுபத்திரண்டு. தனிக்கட்டை. வெல்டிங் பொறி பட்டுப் பட்டு முன்கையில் ஒரு முடி கிடையாது. கங்காரு மோதினால் தாங்குகிற முன்கம்பிகளைப் பண்ணைக்காரர்களின் வண்டிகளுக்குச் செய்து கொடுப்பது பிழைப்பு. வாடிக்கையாளர் வந்து நின்று தன் கதையை ஆரம்பித்தால் பாதியிலேயே நிறுத்திவிடுவார்: "பேச்சு போதும். எங்க வெட்டணும், அத சொல்லு." கல்யாண வீட்டிலும் இதேதான். கேக்கை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை நன்றி சொல்ல ஆரம்பித்தபோது பின்னாலிருந்து இந்தக் குரல் கேட்டது.

பிள்ளைகளைப் பார்த்தால் மட்டும் ஒரு வினோதப் பழக்கம். தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை. "நூத்திப் பதினாலு" என்று முணுமுணுப்பார். சென்டிமீட்டர். டேப் வைத்து அளந்து பார்த்திருக்கிறேன், ஒரு விரல்கடை கூடத் தப்பாது. எல்லாம் கட்டிலுக்காக.

எங்கள் ஆதிகுடிப் பிள்ளைகளைப் பிடித்துப் போகும் துறைக்கு அரசாங்கம் எத்தனையோ தடவை பெயர் மாற்றிவிட்டது. எங்கள் ஊரில் அதற்கு இன்னும் 'வெல்ஃபேர்' என்றுதான் பெயர். இப்போதெல்லாம் பெற்றவளால் முடியாவிட்டால் சொந்தக்காரர்களிடம் விடலாம் என்கிறார்கள். ஆனால் தலைக்கு ஒரு கட்டில் இருக்க வேண்டுமாம். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் ஒரே மெத்தையில் கோழிக்குஞ்சு மாதிரி ஒண்டிக்கொண்டு தூங்குவார்கள், அதுதான் அதுகளுக்குப் பிடிக்கும். அதை எழுத அவர்கள் நிரப்புகிற தாளில் இடம் கிடையாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கட்டில் இல்லாத குற்றத்துக்காக இரண்டு பிள்ளைகள் நகரத்துக்குப் போயின. ஒன்று இன்னும் திரும்பவில்லை. அந்த வாரமே லெஸ்டர் முதல் கட்டிலைச் செய்தார்.

மொத்தம் ஆறு. கழற்றி மாட்டுகிற மாதிரி போல்ட் வைத்தவை. வெல்ஃபேர் எந்த வீட்டுக்கு வருகிறதோ, அதற்கு முன்னால் கட்டில் அந்த வீட்டுக்குப் போய்விடும்.

கேட்டின் கதையை ஒரே ஒரு முறைதான் சொன்னார். அவருக்கு ஐந்து வயது. வெல்ஃபேர் கார் வரும் சத்தம் கேட்டு அவர் அம்மா, என் அத்தை, கேட்டைக் கம்பியால் சுற்றிக் கட்டினாள். வந்தவன் குறடு எடுத்து ஒரே வெட்டில் கம்பியை வெட்டினான். லெஸ்டர் திரும்பி வந்தபோது வயது பத்தொன்பது. அத்தை செத்து இரண்டு வருஷம். வந்ததும் தன் கையால் செய்த முதல் வேலை அந்த இரும்புக் கேட். கெட்டிக் குழாய், தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும். எந்தக் குறடும் அதை வெட்டாது.

போன வெள்ளிக்கிழமை நொலீன் வீட்டுக்கு வெல்ஃபேர் வந்தபோது நானும் லெஸ்டரும் அங்கேதான் இருந்தோம். அவள் தங்கை நகரத்து ஆஸ்பத்திரியில் குடியை விடப் படுத்திருக்கிறாள். தங்கையின் மூன்று பிள்ளைகளும் நொலீனிடம்தான். அவளையும் அம்மா என்றுதான் கூப்பிடுகின்றன; எங்களில் அம்மாவின் அக்காவும் அம்மாதான். வந்த பெண் பிரியோனி சின்ன வயசு, கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கார் பின் சீட்டில் ஒரு குழந்தை இருக்கையை முன்கூட்டியே மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதைப் பார்த்த மூன்று வயசு டில்லி, நொலீனின் பாவாடைக்குள் போய் ஒளிந்துகொண்டாள்.

மூன்று கட்டில்கள் இருந்தன. பிரியோனி குனிந்து மூன்றாவதைப் பார்த்தாள். கம்பியில் யாரோ ஒரு பயல் ஆணியால் மீன் கீறி வைத்திருந்தான்.

"இந்தக் கட்டில செவ்வாக்கிழமை டெரன்ஸ் வீட்ல பார்த்தேனே."

நொலீன் தலையைக் குனிந்துகொண்டாள். லெஸ்டர் குனியவில்லை.

"அதே கட்டில்தாம்மா. எங்க ஊர்ல கட்டிலும் சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்து போவும்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "லெஸ்டர் மாமா, திங்கக்கிழமை டெரன்ஸ் வீட்டுக்கு மறுபடி போறேன். அங்க இது இல்லேன்னா அந்தப் புள்ளய கூட்டிட்டுப் போவணும். இங்க இல்லேன்னா டில்லி. நான் பார்த்தத எழுதாம இருக்க முடியாது. நாலு மணிக்குக் கெளம்பணும்."

"அப்ப இது டெரன்ஸ் வீட்டுக்கே போவட்டும். நாலு மணிக்கு இங்க ஒண்ணு இருக்கும்."

"எங்கேர்ந்துண்ணே?" என்றாள் நொலீன், சத்தம் வராமல்.

மணி பன்னிரண்டரை. மற்ற ஐந்தும் ஆள் படுத்திருக்கிற கட்டில்கள். பட்டறையில் ஒரு முழம் குழாய் கூட இல்லை; இரும்புக் கடை இரண்டு மணி நேரத் தூரம், வெள்ளிக்கிழமை மத்தியானமே பூட்டிவிடுவான். நான் புலம்பிக்கொண்டே பின்னால் ஓடினேன். கிளம்பும்போது அவர் டில்லியைப் பார்த்து "தொண்ணூத்தாறு" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கீலைக் கழற்றி கேட்டைத் தரையில் சாய்த்தார். கிரைண்டரை எடுத்தார்.

"மச்சான், அது வேணாம். என் வீட்டுக் கூரைக் குழாய உருவிக்க."

"உன் வீடு ஏற்கெனவே சாஞ்சுதான் நிக்குது. பேச்சு போதும். எங்க வெட்டணும்னு எனக்குத் தெரியும்."

நான் ஒரு முனையைப் பிடித்தேன். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில்தான் முதல் வெட்டு. பொறி பறந்ததும் என் பிடி நழுவியது. "ஒழுங்கா புடி, கிழவா" என்று திட்டு வாங்கினேன். நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கட்டில் நொலீன் வீட்டில் நின்றது, தொட்டால் சூடாக. பிரியோனி கையால் ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. மீன் கட்டிலைக் கழித்தாலும் மூன்று கட்டில், மூன்று பிள்ளை. கையெழுத்துப் போட்டாள்.

"இன்னிக்கு இதுல படுப்பியா?" என்று டில்லியைக் கேட்டாள்.

"மாட்டேன்" என்றாள் டில்லி. "அக்காகூட."

மூத்தவள் மார்லி அதற்குள் தரையில் மெத்தையை விரிக்க ஆரம்பித்திருந்தாள். பிரியோனி அதையும் பார்த்தாள். பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

லெஸ்டர் வீட்டு வாசல் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே மனசில்லை. "தெறந்து கெடந்தா உனக்குத் தூக்கம் வருமா மச்சான்?" என்று கேட்டேன். அவர் பட்டறைக்குள் போய் இரும்பு நாற்காலியைத் தூக்கிவந்து, கேட் இருந்த இடத்தில் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் பிரியோனியின் கார் வந்தது. எங்களைக் கண்டு மெதுவானது. பின் சீட்டில் அந்தக் குழந்தை இருக்கை காலியாக ஆடிக்கொண்டு போனது. லெஸ்டர் முழங்கால் மேலிருந்து ஒரு விரலைத் தூக்கி அவளுக்கு வணக்கம் வைத்தார். பிறகு எழுந்து, நாற்காலியை இன்னும் ஓர் அடி முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.