மூன்றாம் அத்தியாயம் தப்பியது

இன்று காலை எனக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. தலைப்பு, தொடக்ககால ஆங்கில நாவல்களில் ஊரும் உறவும். வயது ஐம்பத்து நான்கு. உழைப்பு ஒன்பது ஆண்டுகள்.

வெளியூர்த் தேர்வாளர் மூன்றாம் அத்தியாயத்தை விரலால் தள்ளினார்.

"இங்கிலாந்து கிராமத்தையும் காஞ்சிபுரம் நெசவாளர் தெருவையும் ஒப்பிடறது ஆராய்ச்சியா சார்? இதை எடுத்துடுங்க, அப்பத்தான் கையெழுத்து."

சிரித்துக்கொண்டே சொன்னார். "முடியாது சார்" என்றேன்; குரல் சற்றும் உயரவில்லை, அவ்வளவு கோபம்.

அமாவாசையன்று தறி ஓடாது என்பதால் எங்கள் தெருவினர் சிலர் வந்திருந்தார்கள். பார்வையாளர்களும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. பக்கத்து வீட்டு வள்ளி எழுந்தார்.

"அண்ணா, நீங்க தெருவுல சொல்வீங்களே அந்த இங்கிலாந்துக் கதை, அதுல பொண்ணு ஓடிப்போச்சின்னு ஊரே அந்த வீட்டை ஒதுக்கி வச்சிதே, அப்புறம் எப்படி சேர்ந்தாங்க?"

"அந்த வீட்டு அறுவடைக்கு ஆள் பத்தலம்மா. ஊரே வயலுக்குப் போயி அறுத்துக் குடுத்துச்சி," என்றேன். வள்ளி தேர்வாளர் பக்கம் திரும்பினார்.

"அதானே! எங்க தெருவுலயும் பாவு நீட்ட, அதான் தறிக்குப் போற நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்ட, பத்து பேர் வேணும் சார். பேச்சில்லாதவங்களும் வந்து நூலைப் பிடிச்சிக்கினு நிப்பாங்க. அத்தோட சண்டை முடிஞ்சிது. மன்னிப்பெல்லாம் யாரு கேக்கறாங்க?"

எண்பத்தேழாம் பக்கத்தில் நானும் அதையேதான் எழுதியிருந்தேன். நான் திறந்து நீட்ட, தேர்வாளர் அந்தப் பக்கத்தை அப்போதுதான் முதன்முறையாகப் படித்தார்.

பிறகு கையெழுத்திட்டார். ஒரு வரிகூட நீக்கப்படவில்லை.

ஆகவே, நண்பர்களே, நான் இனி முனைவர். தெருவில் எவரும் அப்படி அழைக்கப்போவதில்லை. நீங்களாவது கீழே கருத்துப் பகுதியில் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். எப்படி ஒலிக்கிறதென்று கேட்கிறேன்.