மீன் அண்டா

புரோத்ராபூர் பூங்கோதையின் பூட்டனார் காலில் விலங்கோடு, கைதிகளை நாடுகடத்திய தீவுக்கு வந்தவர். விலங்கு கழன்று தலைமுறைகள் போயும், அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு மெயின்லேண்டிலிருந்து வந்த தலைவரின் கண்ணுக்கு அது இன்னும் பூங்கோதையின் காலில்தான் கிடந்தது. "கைதி வம்சத்துக்கு எதுக்கு ஆராய்ச்சி? ஸ்டோர்ல பாட்டில் எடுத்துக் கொடுக்கட்டும்" என்பார். 1971இல், அவள் விடாமல் கேட்டதால், ஒரு சோதனைக்கு மட்டும் அனுமதித்தார். தோற்றால் ஸ்டோர்.

டி.என்.ஏ. முறுக்கிய ஏணி போன்ற இழை. புண்ணுக்குப் போடும் மஞ்சள் மருந்தின் தட்டையான மூலக்கூறுகள் அந்த ஏணிப்படிகளுக்கு நடுவே செருகிக்கொள்ளும். இழை நீண்டு விறைக்கும். அது கரைந்த நீர் மெல்லிய கண்ணாடிக் குழாயில் முன்னைவிட மெதுவாக இறங்கும். அந்தத் தாமதத்தைக் காட்டிவிட்டால் போதும்.

இழை எடுக்க ஆண் மீனின் விந்துப் பை வேண்டும். அவள் வீட்டில் மீன் வயிற்றில் இருப்பதெல்லாம் 'அண்டா'. தீவு இந்தியில் அது முட்டை. பஜாரில் மீன் விற்கும் உதுமானிடம் அண்டா கேட்டாள், தந்தார். அரைத்தாள், கரைத்தாள், மருந்து கலந்தாள். நீர் பழைய வேகத்திலேயே ஓடியது.

"நாளைக்கு ஸ்டோர் சாவிய வாங்கிக்கோ" என்றார் தலைவர்.

விடிந்ததும் பஜாருக்கு ஓடினாள்.

"என்னம்மா, நேத்து அண்டா பொரிச்சியா?"

"எங்க பாய் பொரிக்க? வெறும் மஞ்சக்கருவா இருந்துச்சு. எனக்கு இழை வேணும். ஆம்பள மீன் அண்டா குடுங்க."

உதுமான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஆம்பளைக்கு ஏதும்மா அண்டா? அதுக்கு இருக்கறது பாலு! வெள்ளையா, வழவழன்னு இருக்கும். ஒருத்தரும் கேக்கறதில்ல, காக்காய்க்குத்தான் போடுறேன். உங்க ஊர்ல ஆம்பளையும் முட்டை போடுமாக்கும்!"

"போடாதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது பாய். சீக்கிரம் குடுங்க."

அந்த வெள்ளையை உப்பு நீரிலும் சோப்புத் தூளிலும் அரைத்து, மேலே குளிர்ந்த சாராயத்தை ஊற்றினாள். கண்ணாடிக் குச்சியில் பஞ்சுமிட்டாய் மாதிரி இழை சுற்றிக்கொண்டு வந்தது. மீனுக்கும் மனிதனுக்கும் இழையின் அமைப்பு ஒன்றுதான். பூட்டன் போட்ட விலங்கு அதில் எந்தப் படியிலும் எழுதப்படுவதில்லை.

இழையைக் கரைத்துக் குழாயில் விட்டாள். இறங்கியது. நேரத்தைக் குறித்துவிட்டு, மஞ்சள் மருந்தைக் கலந்து மீண்டும் விட்டாள். தலைவர் சாவியோடு வந்து நின்றார்.

"முடிஞ்சுதா?"

"இல்ல சார். இன்னும் இறங்குது."

அவர் குழாயைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி குழாயைப் பார்த்தார். குறித்த நேரம் தாண்டியும் மஞ்சள் நீர் சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாவி சட்டைப்பைக்குள் போனது.

"இன்னொரு தடவை விடும்மா" என்றார்.