வாய் திறக்காமல் வாங்கித் தந்த லேப்டாப்

ஊரடங்கெல்லாம் முடிந்து பஸ்கள் மறுபடி ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்த வருடம் அது. பங்குனி மாத வெயில். அருப்புக்கோட்டையில் பழைய லேப்டாப் விற்கும் ஒரு கடைக்கு நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். அன்றைக்கு நடந்ததில் ஒரு பாதி எனக்கு அப்போதே தெரியும். மறு பாதி தெரிய இரண்டு வருடம் ஆனது.

நாங்கள் இருப்பது நரிக்குடிப் பக்கம் ஒரு கிராமம். அவர் ஆட்டு வியாபாரி, எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரி. இதைச் சொல்லும்போது இப்போது சிரிப்பு வருகிறது, ஏனென்றால் அந்தப் பட்டம் பத்து வருடமாக பீரோவில் கல்யாணச் சேலைக்கு அடியில்தான் கிடந்தது. ஆனாலும் அந்த மிதப்பு மட்டும் எனக்குக் குறையவே இல்லை. அவர் பக்கத்தில் நான் கொஞ்சம் உசத்தி என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி மதுரையில் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கும் சின்ன அலுவலகம் நடத்துகிறாள். திடீரென்று ஒருநாள் போன் செய்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆள் தேடுகிறேன், வருகிறாயா என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் சொந்தமாக ஒரு லேப்டாப் வேண்டும். மாதிரிக்கு இருபது பக்கம் அனுப்புவாள், அடுத்த திங்கட்கிழமைக்குள் முடித்துக் கொடுத்தால் வேலை எனக்கு. இல்லாவிட்டால் கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொருத்திக்குப் போய்விடும்.

புதிது வாங்க வழியில்லை என்றேன். புதிது எதற்கு என்று அவள் சிரித்தாள். அவள் அலுவலகத்தில் விண்டோஸ் கிடையாது, எல்லாமே லினக்ஸ், எல்லாமே கட்டற்ற மென்பொருள்கள். காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம், பழைய இயந்திரத்திலும் நன்றாக ஓடும். எட்டு ஜிபி ராம், எஸ்எஸ்டி, நல்ல விசைப்பலகை இருந்தால் போதும், கம்பெனிகளில் ஓட்டிக் கழித்த கனமான மாடலாகப் பார், பளபளப்பைப் பார்த்து மயங்காதே என்று சொல்லிவிட்டு, லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்டிரைவையும் கூரியரில் அனுப்பிவைத்தாள். கடையிலேயே அதைச் செருகி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னாள். என்னிடம் இருந்தது நானே வளர்த்த இரண்டு கிடாய்களை விற்ற பணம். தப்பான ஒன்றை வாங்கிவிட்டால் பணமும் போச்சு, வேலையும் போச்சு.

துணைக்கு அவரும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனால் கூட்டிக்கொண்டு போகப் பயமாக இருந்தது. அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் திருச்சுழியில் ஒரு கடையில் பழைய செல்போன் வாங்கப் போனபோது, அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எத்தனாவது ஈத்து?" என்று கேட்டுவிட்டார். ஆடு எத்தனை முறை குட்டி போட்டது என்று கேட்கும் கேள்வி அது. கடையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு நிலத்தைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அதனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டேன். "ஏங்க, கடையில நீங்க வாயத் தொறக்கவே கூடாது. எல்லாம் நான் பேசிக்கிறேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி, தொறக்கல" என்றார்.

கடை ஒரு மாடியில் இருந்தது. கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்களாம். சவுதியில் பல வருடம் கம்ப்யூட்டர் பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். "வாங்க தங்கச்சி, வாங்க அண்ணே" என்று நாற்காலி போட்டார். என் வீட்டுக்காரர் உட்காராமல் கதவோரமாகச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். தோளில் எப்போதும் போடும் பச்சைத் துண்டு.

பாய் இரண்டு லேப்டாப்புகளை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு, செங்கல் போலக் கனம், மூலையெல்லாம் கீறல், விசைகளில் சில எழுத்துகள் தேய்ந்தே போயிருந்தன. இன்னொன்று வெள்ளி நிறம், மெலிசு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். தோழி சொன்ன எதுவும் எனக்கு ஞாபகத்தில் நிற்கவில்லை. வெள்ளிநிறம் விலையும் குறைவு. பென்டிரைவைச் செருகினோம். லினக்ஸ் ஏறியது. வைஃபை வந்தது, பாட்டு கேட்டது, கேமராவில் என் முகம் தெரிந்தது. ராமையும் எஸ்எஸ்டியையும் பற்றி நாலு கேள்வி கேட்டேன். பாய் மரியாதையாகப் பதில் சொன்னார். அதைக் கதவோரம் நிற்பவர் கேட்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். பெருமை பொங்க, இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

அப்போதுதான் அவர் பக்கத்தில் வந்தார். வெள்ளிநிற லேப்டாப்பின் அடியில் உள்ளங்கையை நுழைத்து அப்படியே வைத்திருந்தார். குனிந்து அதன் விலாவில் காதை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல. நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். உடனே தோளிலிருந்த துண்டை எடுத்து மேசைமேல் இருந்த என் கையின்மீது போட்டு, அதற்குள்ளே என் விரல்களைப் பிடித்து அமுக்கினார். சந்தையில் பழைய வியாபாரிகள் நாலு பேர் முன்னால் விலை தெரியக் கூடாது என்று துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுவார்கள். அந்தப் பழக்கம். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

பாய் பார்த்துவிட்டார். "அண்ணே ஏதோ சொல்ல வாராகபோல?" என்றார்.

நான் யோசிக்கக்கூட இல்லை. "இல்லண்ணே, அவுகளுக்குத் தொண்டை கட்டிருக்கு. பேச முடியாது" என்று சொல்லிவிட்டேன்.

அவர் அதையும் மறுக்கவில்லை. நான் கூசாமல் சொன்ன பொய்யைக் காப்பாற்ற, தொண்டையில் கையை வைத்துத் தடவிக் காட்டினார். பாய்க்கு மனசு இளகிவிட்டது. கீழே டீக்கடைக்குப் போன் போட்டு, "ஒரு இஞ்சி டீ, நல்லா காரமா, ரெண்டு சாதா" என்றார். டீ வராமல் எங்களை அனுப்புவதாக இல்லை. என் பொய்தான் எனக்கு அந்த நேரத்தை வாங்கிக் கொடுத்தது. அவரும் அதைப் பயன்படுத்திக்கொண்டார். கறுப்பு லேப்டாப்பைச் சுட்டிக்காட்டி, அதையும் ஓட விடுங்கள் என்று சைகை செய்தார். இரண்டிலும் வீடியோ ஓடவிட்டு வைத்தோம்.

டீ வந்தது. பாய் சவுதி வெயிலைப் பற்றியும், இங்கே கண்மாயில் தண்ணீர் இல்லாததைப் பற்றியும் பேசினார். என் வீட்டுக்காரர் காய்ச்சல்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இஞ்சி டீயை உறிஞ்சினார். அவருக்கு இஞ்சி வாடையே ஆகாது. எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

டம்ளர் காலியாவதற்குள் வெள்ளிநிறத்தின் திரை பொசுக்கென்று அணைந்தது. பாய் மறுபடி போட்டார். இரண்டு நிமிடம் ஓடி மறுபடி அணைந்தது. கவிழ்த்து, திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே காற்றாடி சுற்றவே இல்லை, சூடேறித்தான் அணைந்திருக்கிறது.

பாயின் முகம் விழுந்துவிட்டது. "தங்கச்சி, சத்தியமா இது எனக்குத் தெரியாது. நேத்துத்தான் வாங்கிப் போட்டேன். நானும் பத்து நிமிசத்துக்கு மேல ஓட்டிப் பாக்கல. அண்ணன் கைய வச்சே கண்டுபிடிச்சுட்டாகளே" என்றார்.

கறுப்பு லேப்டாப் ஓடிக்கொண்டே இருந்தது. பென்டிரைவை அதற்கு மாற்றினோம். தேய்ந்த விசைகளில் தமிழில் நான்கு வரி தட்டிப் பார்த்தேன். கை தானாகப் போனது. அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு அவர் மேலும் கீழும் தலையாட்டினார். ஆனால் அது கொஞ்சம் விலை கூடுதல். என்னிடம் இருந்தது போதவில்லை. பணத்தை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன். இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்ல எனக்கு இன்னொரு நாள் இல்லை.

அவர் துண்டைப் பாய் பக்கம் நீட்டினார். பாய் ஒரு கணம் விழித்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "எங்க அத்தா தோல் ஏவாரம் பாத்தாக அண்ணே. இத நான் பாத்து எத்தன வருசமாச்சு" என்று தன் அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே துண்டுக்குள் கையை விட்டார். ஒரு நிமிடம் இருக்கும். இரண்டு பேரும் பேசவில்லை. மெல்ல மெல்லப் பாயின் சிரிப்பு நின்றது. கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "இருக்கிறதக் குடும்மா. எடுத்துட்டுப் போங்க" என்றார். சார்ஜரையும் ஒரு பழைய பையையும் சேர்த்துக் கொடுத்தார்.

என் ஆள் விரலாலேயே விலையை இறக்கிவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. திரும்பும் பஸ்ஸில், பிறந்த குட்டியை வைத்திருப்பதுபோலப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருச்சுழி தாண்டியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"இப்பப் பேசலாம்ல?" என்றேன்.

"தொண்டை கட்டிருக்கே புள்ள" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "நிக்கிற ஆடு எல்லாம் நல்ல ஆடாத்தான் தெரியும். நடக்க விட்டுல்ல பாக்கணும். வயித்துல கைய வச்சேன், கொதிச்சுச்சு. மூச்சுச் சத்தமே இல்ல" என்றார். அப்படியென்றால் அங்கேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீதான பேசக் கூடாதுன்ன" என்றார். குரலில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் நான் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன்.

அன்று சாயங்காலமே அதில் லினக்ஸை ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமையே இருபது பக்கமும் போய்ச் சேர்ந்தது. வேலை எனக்கு வந்தது. அடியில் காற்றுப் போக வேண்டும் என்று இரண்டு மரச்சட்டங்களை ஆணி அடித்து அவர் ஒரு தாங்கி செய்து கொடுத்தார். இதை எழுதிக்கொண்டிருப்பதும் அந்தத் தாங்கியின் மேல் இருக்கும் அதே கறுப்பு லேப்டாப்பில்தான்.

இரண்டு வருடம் கழித்து சார்ஜர் பழுதாகி, நான் மட்டும் அந்தக் கடைக்குப் போனேன். பாய்க்கு என்னை அடையாளம் தெரிந்தது. எடுத்ததும் கேட்டது, "அண்ணனுக்குத் தொண்டை சரியாச்சாம்மா?" என்றுதான்.

சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். முடியவில்லை. "அவுக தொண்டைக்கு ஒண்ணுமே இல்லண்ணே. நான்தான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்" என்றேன்.

பாய் சார்ஜரை மேசைமேல் வைத்தார். "அன்னைக்கு அவுக துண்டுக்குள்ள விலையே பேசலம்மா. நான்தான் விரலப் பிடிச்சுக் கேட்டேன். அவுக பதில் சொல்லாம என் கைய அப்படியே ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாக. விடல. அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க?"

நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த பேரம் அதுதான். சந்தையில் எவனிடமும் ஒரு ரூபாய் விட்டுக்கொடுக்காத மனுசர், அவர் பக்கத்தில் நிற்கவே வெட்கப்பட்ட எனக்காக, முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார். அதையும் என் கண்ணுக்குத் தெரியாமல் துண்டால் மூடிக்கொண்டு.

அன்று வீட்டுக்கு வந்து அவரிடம் எதையும் கேட்கவில்லை. ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் போய், ஈரமாக இருந்த அவர் கையைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றேன். "என்ன புள்ள, சார்ஜரு கிடைக்கலையா?" என்றார். இப்போதெல்லாம் எந்தக் கடைக்குப் போனாலும் நான் அவருக்கு ஒரு எட்டு பின்னால்தான் நிற்கிறேன். "இது எத்தனாவது ஈத்து?" என்று அவர் கேட்டு, கடையில் இருக்கிறவர்கள் சிரிக்கும்போது, அவர் என்னுடைய ஆள் என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றுகொள்கிறேன்.