மாமாவின் பித்தளைக் குமிழ்

என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு பித்தளைக் குமிழை வைத்திருக்கிறேன். ஒரு குளியலறைக் கதவில் இருந்தது அது. அதைப் பார்த்தால் மனைவி இன்றும் சிரிப்பாள்.

என் தாய்மாமா தெங்கேராவில் ஒரு கடலோர ஹோட்டலில் முப்பது வருடம் பட்லராக இருந்தவர். "கவர்னர் துரையே நம்ம ஹோட்டல்லதான் குளிப்பாரு" என்பார். அங்கிருந்த சிங்கக்கால் குளியல் தொட்டியின் புகழைக் கேட்டே வளர்ந்தவன் நான். மகளைப் பெண் பார்க்கச் சிங்கப்பூரிலிருந்து வருபவர்களை வேறெங்கே தங்கவைப்பேன்? சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்கமாட்டோம், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டோம் என்று பையனின் அம்மா எழுதியிருந்தார். ஆகவே பக்கத்திலேயே காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டில் தங்கும் பேச்சே இல்லை. மகளுக்குப் பையனின் புகைப்படம் பிடித்திருந்தது. எனக்குத் தூக்கம் போயிருந்தது. மாமா சொன்னதை நம்பி, நேரில் பார்க்காமலே அறை எடுத்துவிட்டேன்.

அவர்கள் வந்த அன்று காலை கூடப் போய்ப் பார்த்தால் மின்விசிறி முனகியது. குழாய் இருமி இருமித் துருநீரைத் துப்பியது. சிங்கக்கால் தொட்டிக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுக் குளியலறையில கோழி கிடையாதுங்க" என்றார் பையனின் அப்பா, மெதுவாக.

பையனின் அம்மா முகம் கழுவ உள்ளே போனார். கதவு சிக்கிக்கொண்டது.

முக்கால் மணி நேரம். அவரும் கோழியும் மாறி மாறிக் கத்தினார்கள். என் மகளின் கல்யாணமே உள்ளே மாட்டிக்கொண்டதுபோல் நான் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஆள் அனுப்பியதும் மாமா வந்தார். நான் வெறும் வயிற்றோடு ஓடியிருந்ததால் தூக்குச்சட்டியில் எனக்குக் காப்பியோடு மகளும் வந்தாள்.

மாமா பதறவில்லை. குமிழை மேலே தூக்கி, கதவின் அடியில் ஓர் உதை விட்டார். கதவு திறந்தது, குமிழ் கையோடு வந்துவிட்டது.

"அப்பவும் இப்படித்தான் தம்பி. துரை உள்ள போனா நான் வெளியவே நிப்பேன். அவரு கைய வைக்கறதுக்குள்ள தொறந்துடுவேன். மரியாதைன்னு நெனச்சுக்குவாரு."

பையனின் அம்மா தள்ளாடி வந்து, மகள் நீட்டிய காப்பியை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு டம்ளரையே பார்த்தார்.

"இது எந்த வீட்டுக் காப்பி?"

"எங்க வீட்டுதுதான் அத்தை."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கை நனைச்சாச்சே! இனிமே என்னலா பேச்சு? இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்று அவர் டம்ளரை நீட்டினார்.

மகள் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறாள். மாமா காலமாகிவிட்டார். எங்கள் வீட்டில் விருந்தாளி யாராவது குளியலறைக்குப் போனால், இந்தக் குமிழை இறுகப் பிடித்துக்கொண்டு நான் வெளியே நிற்கிறேன். மரியாதை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.